விண்டோ மூடிய பிறகும் லோனில் ஆள் எடுப்பது நியாயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு ராத்திரிகளில் எங்கள் வீட்டு ஹாலில் ஆறேழு பேர் உட்கார்ந்து இங்கிலாந்து ஃபுட்பால் பார்ப்போம். ஏப்ரல் மாதம் திடீரென்று முன்பின் பார்க்காத ஒரு கோல்கீப்பர் இறங்கினால் போதும், "விண்டோதான் ஜனவரியோட மூடியாச்சே, இவன் எங்கிருந்து வந்தான்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அப்புறம் மேட்ச் போய்விடும், பஞ்சாயத்து மட்டும் மிஞ்சும். பல வருடமாக அதே கேள்விகள்தான், கேட்கிற ஆட்கள்தான் மாறுகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

முதல்ல இந்த டிரான்ஸ்ஃபர் விண்டோன்னா என்ன? எப்பவும் திறந்தே வெச்சா என்ன குறைஞ்சு போகும்?

ஒரு கிளப் புது ஆட்டக்காரரைப் பதிவு செய்துகொள்ள வருடத்துக்கு இரண்டு முறைதான் அனுமதி. ஒன்று சீசன் தொடங்கும் சமயம், இன்னொன்று நடுவில். ஐரோப்பாவில் பெரும்பாலும் கோடையும் ஜனவரியும். ஃபிஃபா இதை எல்லா நாடுகளுக்கும் கட்டாயமாக்கியபோது இங்கிலாந்தும் 2002-03 சீசனிலிருந்து இதற்குள் வந்தது. அதற்கு முன்னால் அங்கே மார்ச் மாதக் கடைசி வரைக்கும் வாங்கலாம், விற்கலாம்.

எப்பவும் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கற்பனை எதுவும் தேவையில்லை. நீங்கள் ஆகஸ்டில் ஒரு அணியோடு ஆடித் தோற்கிறீர்கள், அவர்களுக்கு மூன்று பாயிண்ட். பிப்ரவரியில் அந்த அணியின் நல்ல ஃபார்வர்டை ஒரு பணக்கார கிளப் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மார்ச்சில் உங்கள் போட்டியாளர் அதே அணியோடு ஆடி சுலபமாக ஜெயிக்கிறார். பேர் ஒன்று, சட்டை ஒன்று, ஆனால் நீங்கள் ஆடியதும் அவர் ஆடியதும் ஒரே அணியோடு இல்லை. லீக் என்பதே எல்லாரும் எல்லாரோடும் ஆடுவது என்பதால் இந்த ஓட்டையை முடிந்த மட்டும் சின்னதாக வைக்கத்தான் விண்டோ. முழுசாக அடைக்க முடியாது, ஜனவரியிலும் அணி மாறத்தான் செய்கிறது.

லோன்னா வாடகைக்கு விடுற மாதிரியா, கடன் கொடுக்குற மாதிரியா?

இரவல். கடன் வாங்கினால் வேறு நோட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். இரவல் வாங்கினால் அதே பொருளைத்தான் திருப்ப வேண்டும், அதுவும் உடையாமல். ஆட்டக்காரரின் ஒப்பந்தம் சொந்த கிளப்போடுதான் இருக்கும். பதிவு மட்டும் வாங்கிய கிளப்புக்குப் போகும், குறிப்பிட்ட காலம் முடிந்ததும் திரும்பி வரும். சம்பளத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்பது இரண்டு கிளப்புகளும் பேசிக்கொள்கிற விஷயம். சில நேரம் மொத்தச் சம்பளத்தையும் சொந்த கிளப்பே கொடுக்கும், பையன் நாலு மேட்ச் ஆடி அடிபட்டுக் கற்றுக்கொண்டு வந்தால் போதும் என்று.

விண்டோ மூடினப்புறம் லோன் எப்படி? மூடினது மூடினதுதானே?

அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் பிரீமியர் லீகுக்குக் கீழே இருக்கும் மூன்று டிவிஷன்களுக்கு, அதாவது ஃபுட்பால் லீகின் 72 கிளப்புகளுக்கு, 2015-16 சீசன் வரைக்கும் ஒரு பின்வாசல் இருந்தது. எமர்ஜென்சி லோன் என்று பெயர். விண்டோ மூடி ஒரு வாரம் கழித்து இது திறக்கும், நவம்பர் நாலாவது வியாழன் வரை ஓடும். ஜனவரி விண்டோ முடிந்ததும் மறுபடி திறந்து மார்ச் நாலாவது வியாழன் வரை. குறைந்தது 28 நாள், அதிகபட்சம் 93 நாள்.

பெயரில்தான் எமர்ஜென்சி. யாருக்குக் காலில் அடி, எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மேட்ச் தோற்றால் மேனேஜருக்கு அதுவே எமர்ஜென்சி.

இப்போது அந்த வாசல் இல்லை. மிச்சம் இருப்பது கோல்கீப்பருக்கான சின்ன ஜன்னல் மட்டும், அதைப் பிறகு சொல்கிறேன். ஐந்தாவது டிவிஷனும் அதற்குக் கீழேயும் இருக்கும் லீகுகளின் கணக்கு தனி. அங்கே சீசன் நடுவில் ஒரு மாத லோன்கள் இன்றைக்கும் சகஜம்.

அந்த எமர்ஜென்சி லோன்ல நமக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது போயிருக்காங்களா?

நிறைய. 2010 பிப்ரவரியில் ஸ்டோக் மைதானத்தில் கால் முறிந்த ஆரன் ராம்சேயை, குணமானதும் நேரடியாக ஆர்சனல் அணியில் இறக்காமல், அந்த நவம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு இப்படித்தான் அனுப்பினார்கள். ஹாரி கேன் 2013 பிப்ரவரியில் டாட்டன்ஹாமிலிருந்து லெஸ்டருக்குப் போனதும் இதே வழியில். அங்கே அவர் இரண்டே கோல்தான் போட்டார், பாதி நேரம் பெஞ்சில். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொருவர் பெயர் ஜேமி வார்டி! இரண்டு பேரையும் பெஞ்சில் வைத்துக்கொண்டு லெஸ்டர், பிரீமியர் லீகுக்கு ஏறுவதற்கான ப்ளே-ஆஃபில் வாட்ஃபர்டிடம் தோற்றது.

ஜெஸ்ஸி லிங்கார்டு கதையை அடுத்த பதிலில் சொல்கிறேன். மொத்தப் பிரச்சினையும் அதற்குள் இருக்கிறது.

எல்லா கிளப்பும்தான் லோன் எடுக்கலாமே. அப்போ இதுல அநியாயம் எங்க வந்துச்சு?

இதுதான் எங்கள் ஹாலில் அதிகம் கேட்ட கேள்வி. 2013-14 சாம்பியன்ஷிப் (பிரீமியர் லீகுக்கு அடுத்த இரண்டாவது டிவிஷன்) சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் மாதம், விண்டோ மூடியாயிற்று. மான்செஸ்டர் யுனைடெட் தன் இளம் ஆட்டக்காரர் லிங்கார்டை பர்மிங்ஹாம் சிட்டிக்கு ஒரு மாத லோனில் அனுப்புகிறது. முதல் மேட்ச், செப்டம்பர் 21, எதிரணி ஷெஃபீல்டு வென்ஸ்டே. லிங்கார்டு நாலு கோல். முதல் நாள் வேலைக்கு வந்தவன் நாலு கோல்! பர்மிங்ஹாம் 4-1 என்று ஜெயிக்கிறது. அதே செப்டம்பரில் அதே யுனைடெட் இன்னொரு ஆட்டக்காரர் ஃபெடரிகோ மகேடாவை அதே டிவிஷனில் இருந்த டான்காஸ்டர் ரோவர்ஸுக்கு லோனில் அனுப்புகிறது. அங்கே அவர் மூன்று கோல் போட்டார். ஜனவரியில் அதே மகேடா பர்மிங்ஹாமுக்குப் போகிறார், பத்து கோல் போடுகிறார்.

இப்போது மே 3, 2014, கடைசி நாள். போல்டன் மைதானத்தில் பர்மிங்ஹாம் 0-2 என்று பின்தங்கியிருக்கிறது. சிகிச் ஒன்று போடுகிறார், 93-வது நிமிடம் பால் கேடிஸ் தலையால் இன்னொன்று, 2-2. டான்காஸ்டர் லெஸ்டரிடம் 0-1 தோல்வி. இரண்டு அணிக்கும் 44 பாயிண்ட். கோல் வித்தியாசத்தில் பர்மிங்ஹாம் தப்பியது, டான்காஸ்டர் மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கியது. எல்லாரும் கேடிஸ் கோலைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் செப்டம்பர் சாயங்காலம்தான் உறுத்துகிறது.

யாரும் விதியை மீறவில்லை, டான்காஸ்டருக்கும் ஒரு யுனைடெட் ஆள் கிடைத்தார் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் இரண்டு அணிகளில் எது தப்பிக்கும் என்பதில் அந்த டிவிஷனிலேயே இல்லாத மூன்றாவது கிளப்பின் கை எவ்வளவு நீளமாக இருந்தது பாருங்கள். யாருக்கு எந்தப் பையனை அனுப்புவது என்பது யுனைடெட் இஷ்டம். கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது, உள்ளே கிடைத்த சரக்கு ஒன்றாக இல்லை. எந்த மேனேஜருக்கு எந்தப் பெரிய கிளப்பில் யாரைத் தெரியும் என்பதெல்லாம் அதில் சேர்த்தி.

ஆனா மகேடா ஜனவரியில தானே பர்மிங்ஹாம் போனார்? அது விண்டோவுக்குள்ளதானே?

பிடித்துவிட்டீர்கள். ஆமாம், அது விண்டோவுக்குள் நடந்தது. அதனால்தான் "விண்டோவுக்கு வெளியே" என்பதையே எல்லாப் பாவத்துக்கும் காரணமாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தேதி ஒரு பங்குதான். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது இரண்டு. இந்த வாசல் போட்டியில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறக்கிறதா? ஓர் அணியின் ஓட்டையை அடைப்பதற்காக இன்னோர் அணியில் ஓட்டை விழுகிறதா, விழுந்தால் அவர்கள் அதை அடைக்க முடியுமா? கீழே வரும் பதில்களில் இந்த இரண்டு கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்.

லிங்கார்டு விஷயத்தில் இரண்டாவது கேள்விக்கு விடை சுத்தம். யுனைடெட்டுக்கு அவர் இல்லாததால் ஒன்றும் குறையவில்லை, அவர் அப்போது அங்கே முதல் அணியிலேயே இல்லை.

அப்புறம் ஏன் ஃபிஃபா அதை நிறுத்துச்சு? சின்ன கிளப்புங்க சும்மா இருந்தாங்களா?

உலகம் முழுக்க ஆட்டக்காரர் பதிவு இரண்டு விண்டோவுக்குள்தான் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. இங்கிலாந்துக்கு ஒரு சலுகை பல வருடம் ஓடியது, அதற்கு மேல் நீட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 2016-17 சீசனிலிருந்து வாசல் மூடப்பட்டது.

சின்ன கிளப்புகளுக்குப் பிடிக்கவில்லை, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாலாவது டிவிஷன் கிளப் ஒன்று இருபது பேரை வைத்து 46 லீக் மேட்ச், அதோடு கோப்பை மேட்ச்கள் வேறு ஆட வேண்டும். நவம்பர் சேற்றில் இரண்டு டிஃபெண்டர்கள் விழுந்தால் ஒரு மாதத்துக்கு ஓர் ஆளை இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். வாசல் மூடினால் இருபத்தைந்து பேருக்கு வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஐந்து பேர் சும்மா உட்கார்ந்திருந்தாலும். பணம் இருப்பவனுக்கு அது தொல்லையே இல்லை. ஆக, நியாயத்துக்காகக் கொண்டுவந்த விதி ஏழை கிளப்பின் தலையில்தான் முதலில் விழுந்தது. என் ஓட்டு நிறுத்தியதற்குத்தான், ஆனால் நெருடலோடு.

கோல்கீப்பருக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை? அவன் என்ன மாப்பிள்ளையா?

டிஃபெண்டர் இல்லாவிட்டால் மிட்ஃபீல்டரைப் பின்னால் இழுக்கலாம், ஃபார்வர்டு இல்லாவிட்டால் விங்கரை நடுவில் நிறுத்தலாம். கீப்பர் இல்லாவிட்டால் கையுறையை யாருக்கு மாட்டுவது? ஒரு கிளப்பில் மூன்று கீப்பர்தான் இருப்பார்கள், அதில் மூன்றாமவர் பெரும்பாலும் பள்ளி முடித்த பையன். இரண்டு பேருக்கு அடிபட்டால் மேட்சே கேலிக்கூத்தாகிவிடும், அதில் யாருக்கும் லாபமில்லை. அதனால் ஃபுட்பால் லீக் கிளப்புகள் ஏழு நாளுக்கு ஒரு கீப்பரை அவசர லோனில் எடுக்கலாம். பிரீமியர் லீகிலும் விண்ணப்பித்தால் நிர்வாகம் பார்த்து அனுமதிக்கலாம்.

முன்னே சொன்ன இரண்டு சோதனைகளிலும் இது பெரும்பாலும் தேறிவிடுகிறது. எல்லா அணிக்கும் ஒரே விதி, கொடுக்கிற கிளப் தன் மூன்றாவது, நாலாவது கீப்பரைத்தான் கொடுக்கும். பெரும்பாலும் என்றேன், எப்போதும் இல்லை. அடுத்த கேள்வி அதுதான்.

2010-ல மான்செஸ்டர் சிட்டி பண்ணினது மட்டும் சரியா? வேணும்னே கீப்பர் இல்லாம வெச்சுக்கிட்டு லோன் கேட்டாங்களே!

2010 ஏப்ரல் 24. ஆர்சனலோடு நடந்த மேட்சில் சிட்டியின் முதல் கீப்பர் ஷே கிவனுக்குத் தோள்பட்டை விலகியது. இரண்டாமவர் ஸ்டுவர்ட் டெய்லர் ஏற்கெனவே காயம். மூன்றாமவராக இறங்கியவர் ஃபாரோ தீவுக்காரர் குன்னர் நீல்சன், பிரீமியர் லீகில் அதுவே அவருடைய முதல் மேட்ச். சாம்பியன்ஸ் லீகுக்கு வழிவிடும் நாலாவது இடத்துக்கு டாட்டன்ஹாமோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த நேரம். சிட்டி அனுமதி கேட்டது, லீக் கொடுத்தது, சண்டர்லாந்திலிருந்து ஹங்கேரிக்காரர் மார்ட்டன் ஃபுலப் வந்தார். சீசனில் மூன்றே மேட்ச் பாக்கி.

அதில் இரண்டாவது மேட்ச் மே 5, டாட்டன்ஹாமோடு, அதுவும் சிட்டியின் மைதானத்தில். சிட்டி ஒரே ஒரு பாயிண்ட் பின்னால். 82-வது நிமிடம் வரை கோல் இல்லை. வலப்பக்கம் டாட்டன்ஹாமின் கபூல் அடித்த பந்து ஃபுலப் கையில் பட்டு வெளியே தெறிக்கிறது, தெறித்த இடத்தில் ஆறடி ஏழு அங்குல பீட்டர் க்ரவுச்சின் தலை. 0-1. நாலாவது இடம் டாட்டன்ஹாமுக்கு. "பாத்தீங்களா, கடவுள் இருக்கான்" என்று அன்றைக்கு ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்படிப் பார்க்கக் கூடாது. அந்த ராத்திரி ஃபுலப் அந்தப் பந்தைப் பிடித்திருந்தாலும் விதி நியாயமா என்ற கேள்வி அதேதான். பாவம், மனுஷன் 2015-ல் 32 வயதிலேயே புற்றுநோயில் போய்விட்டார்.

உறுத்துவது வேறு. அந்த சீசன் முழுக்க சிட்டியின் சொந்த கீப்பர் ஜோ ஹார்ட் பர்மிங்ஹாமில் லோனில் ஆடிக்கொண்டிருந்தார், அந்த வருடத்தின் சிறந்த பிரீமியர் லீக் அணியில் அவர்தான் கீப்பர் என்று சக ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். வீட்டிலிருந்த குடையை இரவல் கொடுத்துவிட்டு மழை வந்ததும் பக்கத்து வீட்டில் குடை கேட்ட கதை. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், இரண்டு கீப்பருக்கு ஒன்றாக அடிபடும் என்று யாருக்குத் தெரியும். ஆனால் நீல்சன் நடக்க முடிகிற நிலையில் உயிரோடு இருந்தார், பெஞ்சில் உட்காரவும் செய்தார். "கீப்பரே இல்லை" என்பதும் "நம்பிக்கையான கீப்பர் இல்லை" என்பதும் ஒன்றல்ல. லீக் அங்கேதான் தளர்ந்துகொடுத்தது என்பது என் எண்ணம்.

லோனே வேண்டாம், ஃப்ரீயா இருக்குற ஆளை எடுக்கலாம்ல?

எடுக்கலாம். விண்டோ மூடுவதற்கு முன்னாலேயே ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கிறவரை (ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள்) மூடிய பிறகும் பதிவு செய்யலாம். 2011 மார்ச்சில் ஆர்சனலில் கீப்பர்கள் வரிசையாகக் காயம்பட்டபோது 41 வயதில் ஓய்விலிருந்த யென்ஸ் லேமனைக் கூப்பிட்டார்கள். பிளாக்பூல் மேட்சுக்கு முன் வார்ம்-அப்பில் கீப்பர் அல்முனியாவுக்கு அடிபட, அவர் நிஜமாகவே இறங்கி ஆடினார். 2024 அக்டோபரில் பார்சிலோனா ஓய்வு அறிவித்திருந்த கீப்பர் ஷ்செஸ்னியை எடுத்ததும் இதே வழி.

லோனும் ஃப்ரீ ஏஜென்டும் எப்படிச் சிக்கிக்கொள்ளும் என்பதற்கு நியூகாசில் நல்ல உதாரணம். 2022-23-ல் தன் கீப்பர் டுப்ராவ்காவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு லோனில் கொடுத்தது, இன்னொரு கீப்பருக்குக் காயம் என்று செப்டம்பரில் சும்மா இருந்த கரியஸை எடுத்தது. ஜனவரியில் டுப்ராவ்கா திரும்பி வந்தார். பிப்ரவரியில் லீக் கோப்பை ஃபைனல், எதிரணி அதே யுனைடெட். நியூகாசிலின் முதல் கீப்பர் நிக் போப்புக்கு முந்தைய மேட்சில் ரெட் கார்டு. டுப்ராவ்கா ஆட முடியாது, ஏனென்றால் அந்தக் கோப்பையில் ஏற்கெனவே யுனைடெட்டுக்காக ஆடிவிட்டார். கடைசியில் வெம்ப்ளியில் நின்றவர் கரியஸ். 0-2 தோல்வி.

ஃப்ரீ ஏஜென்ட் வழி என் இரண்டு சோதனைகளிலும் தாராளமாகத் தேறுகிறது. யார் வீட்டிலும் ஓட்டை விழுவதில்லை.

ஸ்பெயின்ல பார்சிலோனா லெகனேஸ்கிட்ட இருந்து ஆளைத் தூக்குச்சே, அது இதைவிட மோசமில்லையா?

மோசம்தான். லோன்கூட இல்லை அது, முழு விலைக்கு வாங்கினார்கள். 2020 பிப்ரவரி. பார்சிலோனாவின் ஃபார்வர்டு டெம்பெலேவுக்கு நீண்ட காலக் காயம். அப்படி ஒரு காயம் என்றால் விண்டோவுக்கு வெளியேயும் ஸ்பெயின் லீகிலிருந்தே ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்போது விதி. லெகனேஸின் ஃபார்வர்டு மார்ட்டின் பிரைத்வெயிட்டுக்கு ஒப்பந்தத்தில் போட்டிருந்த விடுவிப்புத் தொகை 1.8 கோடி யூரோ, அதைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தொகையைக் கட்டிவிட்டால் சொந்த கிளப் முடியாது என்று சொல்ல வழியில்லை.

லெகனேஸ் அப்போது 19-வது இடத்தில். ஜனவரியில்தான் இன்னொரு ஃபார்வர்டு என்-நெசிரியை செவியாவுக்கு இழந்திருந்தது. பிரைத்வெயிட்டுக்குப் பதில் ஆள் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர்களுடைய ஆளுக்குக் காயம் ஏற்படவில்லை, ஆளே போய்விட்டார்! பார்சிலோனாவின் காயத்துக்கு மருந்து உண்டு, லெகனேஸின் காயத்துக்குக் கிடையாது. சீசன் முடிவில் லெகனேஸுக்கு 36 பாயிண்ட், அதற்கு மேலே தப்பித்த செல்டாவுக்கு 37. கடைசி நாளில் ரியல் மாட்ரிடோடு 2-2 என்று ஆடியும் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்கினார்கள். பிரைத்வெயிட் அந்த சீசனில் பார்சிலோனாவுக்கு லீகில் போட்டது ஒரே ஒரு கோல்.

என் இரண்டாவது சோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஐபிஎல்ல நடுவுல ஆள் மாத்துறாங்களே, அதை யாரும் கேக்கலையே?

நல்ல ஒப்பீடு. 2025-ல் சிஎஸ்கே ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதும் ஆயுஷ் மாத்ரேவை எடுத்தது, நம்ம குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக பிரெவிஸை எடுத்தது. ஆனால் இவர்கள் இருவரும் ஏலத்தில் விலை போகாதவர்கள் அல்லது ஏலத்திலேயே இல்லாதவர்கள் வரிசையில் இருந்து வந்தவர்கள். மும்பையிடமிருந்தோ கொல்கத்தாவிடமிருந்தோ யாரும் பிடுங்கவில்லை. அதாவது இது ஃபுட்பாலின் ஃப்ரீ ஏஜென்ட் வழிக்குச் சமம், லோனுக்கு இல்லை. பிரெவிஸ் வந்த பிறகு சிஎஸ்கே பேட்டிங்கே வேறு மாதிரி ஆனது என்று எதிரணி ரசிகர்கள் புலம்பலாம், புலம்பட்டும்.

லோன்ல போனவன் சொந்த கிளப்புக்கு எதிரா ஆடக் கூடாதுங்கிறது மட்டும் என்ன நியாயம்?

பிரீமியர் லீகில் ஆடக் கூடாது. மனசாட்சிச் சங்கடம் வேண்டாம் என்பது காரணம். ஆனால் பக்கவிளைவு பாருங்கள்: 2013-14-ல் செல்சியின் லுகாகு எவர்டனில் லோனில் இருந்தார். செல்சியோடு ஆடும்போது உட்கார வேண்டும். செல்சியின் போட்டியாளர் லிவர்பூலோடு ஆடும்போது இறங்கி இரண்டு கோல் போட்டார், 3-3. செல்சிக்கு இரண்டு பக்கமும் லாபம்.

ஐரோப்பியப் போட்டிகளில் தலைகீழ். 2014-ல் அட்லெட்டிகோவில் லோனில் இருந்த செல்சி கீப்பர் கோர்ட்வா செல்சிக்கு எதிராக ஆடலாம், தடுக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று ஐரோப்பிய ஃபுட்பாலை நடத்தும் யூஇஎஃப்ஏ சொல்லிவிட்டது. ஆடினார், அட்லெட்டிகோ ஃபைனலுக்குப் போனது. 2020-ல் பயர்னுக்காக கூட்டின்யோ தன் சொந்த பார்சிலோனாவுக்கே இரண்டு கோல் போட்டார், அந்த 8-2 யாருக்கும் மறந்திருக்காது. எனக்கு ஐரோப்பிய முறைதான் பிடிக்கும். ஆள் எந்தச் சட்டை போட்டிருக்கிறானோ அந்த அணியின் ஆள்.

நம்ம விண்டோ மூடி, வேற நாட்டு விண்டோ திறந்திருந்தா?

ஆளை வாங்குகிற நாட்டின் விண்டோதான் கணக்கு. உங்களால் வாங்க முடியாது, ஆனால் உங்கள் ஆளை அவர்கள் வாங்கலாம். லெகனேஸ் கதையின் இன்னொரு வடிவம் இது. 2018, 2019-ல் இங்கிலாந்து சீசன் தொடங்குவதற்கு முன்பே விண்டோவை மூடிக்கொண்டு, ஐரோப்பா பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசி வரை திறந்திருந்ததைப் பார்த்துக் கையைப் பிசைந்தது. 2020-ல் பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். 2023-ல் சவூதி விண்டோ ஐரோப்பாவைவிட ஒரு வாரம் கூடுதலாகத் திறந்திருந்தபோது அப்போதைய லிவர்பூல் மேனேஜர் கிளாப் புலம்பியதும் இதற்குத்தான்.

ஃபிஃபாவே இஷ்டத்துக்கு விதியை வளைக்குதே, அதைச் சொல்லுங்க முதல்ல.

சில இடங்களில் வளைத்தது சரி. 2022-ல் போர் தொடங்கியதும் உக்ரைன், ரஷ்யா கிளப்புகளில் இருந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்து, விண்டோ மூடியிருந்தாலும் வேறு இடத்தில் சேரலாம் என்றார்கள். ஒரு கிளப் இரண்டு பேருக்கு மேல் எடுக்கக் கூடாது. மகப்பேறு விடுப்பில் போகும் வீராங்கனைக்குப் பதிலாக விண்டோவுக்கு வெளியே ஒருவரைப் பதிவு செய்யலாம் என்பது 2021 முதல் உள்ள விதி. இதற்கெல்லாம் யார் எதிர்ப்புச் சொல்வார்கள்?

2025-ல் தன் கிளப் உலகக் கோப்பைக்காக ஜூன் 1 முதல் 10 வரை தனி விண்டோ திறந்தது வேறு விஷயம். போதாக்குறைக்கு, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு சின்ன விண்டோ. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நாலாவது டிவிஷனிடம் கறாராக இருந்த அதே ஃபிஃபாதான். மேலே எழுதிய நெருடலுக்கு இது ஒரு காரணம்.

இப்போ லோனுக்கு ஏதாவது எல்லை இருக்கா, இல்ல நாப்பது பேரை அனுப்பிட்டே இருக்கலாமா?

இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து நாடு விட்டு நாடு போகும் லோன்களுக்கு ஃபிஃபா வரம்பு வைத்தது. முதல் வருடம் உள்ளே எட்டு, வெளியே எட்டு, அடுத்து ஏழு, 2024 முதல் ஆறு. 21 வயது வரை உள்ளவர்களும் கிளப்பிலேயே வளர்ந்தவர்களும் இதில் சேரமாட்டார்கள். லோனில் வந்தவரை மூன்றாவது இடத்துக்கு மறுபடி லோனில் தள்ளக் கூடாது. காலம் ஒரு வருடத்துக்கு மேல் கூடாது.

இந்த வரம்பு ஏன் வந்தது என்று புரிய வாட்ஃபர்டைப் பார்த்தால் போதும். லெஸ்டரை ப்ளே-ஆஃபில் அடித்ததாக மேலே சொன்னேனே, அதே அணி. அந்த 2012-13-ல் அதன் உரிமையாளர்களான பொஸோ குடும்பத்திடம் இத்தாலியின் உதினேசேயும் ஸ்பெயினின் கிரனாடாவும் இருந்தன. அங்கிருந்து லோனில் ஆட்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அப்போது உள்நாட்டு லோனுக்குத்தான் எண்ணிக்கைக் கட்டுப்பாடு, வெளிநாட்டு லோன் அந்தக் கணக்கில் வரவில்லை. லெஸ்டரை அடித்த மேட்சில் இரண்டு கோல் போட்ட வித்ராவும் உதினேசே ஆள்தான். எல்லாமே விண்டோவுக்குள், எல்லாமே சட்டப்படி. அடுத்த சீசனுக்கு விதியை மாற்றினார்கள்.

சரி, உங்க கையில பேனாவைக் கொடுத்தா என்ன எழுதுவீங்க?

விண்டோவுக்கு வெளியே லோன் கீப்பருக்கு மட்டும். அதுவும் கிளப்பில் பதிவான கீப்பர் ஒருவர்கூட நிற்க முடியாத நிலையில்தான், அனுபவம் போதாது என்பதெல்லாம் காரணமாகாது. கொடுக்கிற கிளப் வேறு டிவிஷனில் இருக்க வேண்டும். தன் கீப்பரை லோனில் வெளியே அனுப்பியிருக்கும் கிளப் முதலில் அவரைத் திருப்பி அழைக்கட்டும், அதற்கு விண்டோ தடையாக இருக்கக் கூடாது. மற்ற இடங்களுக்கு ஆள் வேண்டுமென்றால் ஃப்ரீ ஏஜென்ட். ஒரு கிளப்பின் ஆளை விண்டோவுக்கு வெளியே யாராவது எடுத்தால், இழந்த கிளப்புக்கும் அதே நாளில் ஒருவரை எடுக்க உரிமை. இந்தக் கடைசி வரி ஒன்று 2020-ல் இருந்திருந்தால் லெகனேஸ் குறைந்தபட்சம் முயற்சியாவது செய்திருக்கும்.

ஏழு நாள் லோன்ல வந்த கீப்பர், ஏழு நாள் முடிஞ்சும் நம்ம ஆளுக்குக் குணமாகலைன்னா?

மறுபடி விண்ணப்பித்து இன்னும் ஏழு நாள் வாங்கலாம், நிலைமை மாறாத வரை வாரா வாரம். நல்லா ஆடுகிறான் என்பதற்காக நீட்ட முடியாது. சொந்த கீப்பர் நிற்கத் தயார் என்றதும், வந்தவர் முந்தின நாள் பெனால்டியே தடுத்திருந்தாலும், பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.